செவி கண்ட ஊர்

கண்ணுக்கு இமை உண்டு; செவிக்கு இல்லை. உறங்கும்போதும் திறந்தே கிடக்கும் வாயில் அது. ஆயினும் அதன் வழியாக உள்ளே வருகின்றவற்றுள் எத்தனையை நாம் உண்மையில் கேட்கிறோம் என்று கணக்குப் பார்த்தால் மிச்சம் சொற்பமே. கைப்பேசியில் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளில் கதவு திறக்கிறது, காசு விழுகிறது, வாள் மோதுகிறது. அந்த ஒவ்வோர் ஒலியையும் யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து உண்டாக்கியிருக்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்பவர் அரியர். அறுபத்திரண்டு வயது வரை நாமும் எண்ணிப் பார்த்ததில்லை. ரயில்வே ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த நம்மை அந்தத் தொழிலின் பால பாடத்திற்கு இழுத்து வந்தவர்கள் நம் தங்கையின் மக்கள் இருவர்.

மூத்தவள் பொறியியல் கல்லூரி மாணவி. இளையவனுக்குப் பதினொரு வயது, பிறவியிலேயே பார்வையில்லை. சென்னைக்கு அருகில் விடுதியோடு கூடிய பள்ளியொன்றில் படிக்கிறான். விடுமுறைக்கு நம் வீட்டிற்குத்தான் வருவான். நமது வீடு திருவாலங்காடு ரயில் நிலையத்தை அடுத்த தெருவில் இருக்கிறது. நிலையத்திலிருந்து வீடுவரை தன்னந்தனியாக நடந்து வர வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அவனைப் பெற்றவளோ அந்தப் பேச்சை எடுத்தாலே அழுதுவிடுவாள். இருவருக்கும் நடுவே நின்ற அக்காள் ஒரு வழி கண்டாள். நிலையத்திலிருந்து வீடுவரை உள்ள பாதையைக் கணினியில் ஒரு விளையாட்டாக அமைப்பது. அதில் படமே இருக்கலாகாது. திரை கறுப்பாகவே இருக்க, காதில் மாட்டும் கருவி வழியாக ஒலியை மட்டும் கேட்டு ஆடுபவன் வீடு வந்து சேர வேண்டும். "நடையை நான் எழுதிக்கொள்கிறேன் மாமு, ஒலியை நீங்கள் பிடித்துத் தாருங்கள்" என்றாள். கோடோட் என்று ஒரு மென்பொருள், விளையாட்டுகளை இயக்குவது, யாரும் காசின்றி எடுத்துக்கொள்ளலாம். அதில் அவள் வேலையைத் தொடங்க, நாம் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியுடன் தெருவில் இறங்கினோம்.

இந்தக் கலைக்கு வயது அதிகமில்லை. 1972-இல் அட்டாரி நிறுவனத்தார் 'பாங்' என்னும் பந்தாட்டத்தை வெளியிட்டபோது, அதை அமைத்த ஆலன் அல்கார்னிடம் பார்வையாளர் கூட்டத்தின் ஆரவாரம் கேட்க வேண்டும் என்று முதலாளி விரும்பினாராம். அதற்கு வேண்டிய உறுப்புகள் கையிலில்லை. மின்சுற்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அதிர்வுகளைத் துழாவி, அவற்றுள் ஒன்றை எடுத்துப் பந்து படும் ஓசையாக்கினார் அவர். 1978-இல் ஜப்பானியரான தொமொஹிரோ நிஷிகாதோ அமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் நான்கே நான்கு தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். பகைவர் நெருங்க நெருங்க அவை வேகம் கொள்ளும். ஆடுபவனின் நெஞ்சும் உடன் வேகம் கொள்ளும். நான்கு சுரங்களால் ஒரு மனிதனுக்கு வியர்வை வரவழைக்க முடியும் என்பதை உலகம் அன்று கண்டது.

திரைப்படத்தாரும் வானொலியாரும் இதற்கு முன்னோடிகள். ஹாலிவுட்டில் ஜாக் ஃபோலி என்பவர் 1929-ஆம் ஆண்டு வாக்கில் திரையைப் பார்த்துக்கொண்டே நடிகர்களின் காலடியோசையைத் தாமே நடந்து உண்டாக்கலானார். இன்றும் அந்தத் தொழிலுக்கு அவர் பெயரே வழங்குகிறது. தேங்காய்ச் சிரட்டை இரண்டைத் தட்டினால் குதிரைக் குளம்பு. தகரத் தகட்டை உலுக்கினால் இடி. கண்ணாடித்தாளைக் கசக்கினால் நெருப்பு. வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த நம் தலைமுறையினர் எத்தனை தகர இடிகளுக்கு நடுங்கியிருக்கிறோம்!

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திருவாலங்காடு என்றதும் தமிழர்க்கு நினைவு வருவது இரத்தின சபையும், அங்கே தங்கிப் பாடிய காரைக்கால் அம்மையாரும். சமயம் வேறாயினும் தமிழ் நமக்குப் பொது. அம்மையாரின் மூத்த திருப்பதிகத்தைப் பள்ளியில் படித்தபோது பேய்களின் பயங்கரம் மட்டுமே மனத்தில் நின்றது. இந்த வேலையைத் தொடங்கியபின் எடுத்துப் பார்த்தால் வேறொன்று புலப்பட்டது. அது கண்ணால் மட்டும் கண்ட காடன்று. காதாலும் கேட்ட காடு. ஓரிடத்தில் ஏழிசையின் பெயர்களையும் பலவகைக் கருவிகளின் பெயர்களையும் அவர் வரிசையாக அடுக்குகிறார். இரவில் ஒரு காட்டில் என்னென்ன கேட்கும் என்பதை எழுத்தில் பதிவு செய்த ஊரில் நாம் ஒலி பிடிக்கக் கிளம்பியிருக்கிறோம் என்று தங்கை மகளிடம் சொன்னோம். "அப்படியானால் நமக்கு முன்னே ஒருவர் பிடித்துவிட்டார் மாமு" என்றாள்.

முதலில் ரயில். அவள் இணையத்தில் இருந்த ஓர் ஒலிக்களஞ்சியத்திலிருந்து நல்லதொரு ரயிலோசையை எடுத்து வைத்திருந்தாள். ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று 2005-இல் தொடங்கிய களஞ்சியம் அது. உலகெங்குமிருந்து அன்பர்கள் தாங்கள் பதிந்த ஒலிகளை அதில் சேர்த்துவருகிறார்கள். சிலவற்றை எவரும் எப்படியும் எடுத்தாளலாம். சிலவற்றுக்குப் பதிந்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். சிலவற்றை வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது. பிறர் பொருள் அமானிதம் அல்லவா? தொடக்கக்காரர்கள் இந்த நிபந்தனைகளை வாசித்த பிறகே கை வைக்க வேண்டும். அவள் வாசித்தே எடுத்திருந்தாள். பையனுக்குப் போட்டுக் காட்டினோம். 'கடக்-கடக், கடக்-கடக்' என்று கம்பீரமாக ஓடிற்று வண்டி.

"இது நம்ம ஊரு வண்டி இல்ல மாமு" என்றான் அவன்.

"எப்படிச் சொல்கிறாய்?"

"நம்ம வண்டி இப்படித் தாளம் போடாது. இழுத்துக்கிட்டே வரும். ஸ்டேஷன் கிட்ட வந்தா மட்டும் ஒரு தடவை உதறும்."

முப்பது ஆண்டு ரயில்வேயில் இருந்த நமக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தக் காலத்தில் 13 மீட்டர் நீளத் தண்டவாளங்களை இணைப்புத் தகடு வைத்துப் போல்ட்டு முடுக்கிச் சேர்த்திருப்பார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதற்காக நடுவே விரலிடை விட்டிருப்பார்கள். சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும் ஓசைதான் நாமெல்லாம் தாலாட்டாகக் கேட்ட 'கடக்-கடக்'. பிறகு தண்டவாளங்களைப் பற்றவைத்து நெடுந்தொடராக்கிவிட்டார்கள். தாளம் போயிற்று. வண்டி பாதை மாறும் இடங்களில் மட்டும் அந்த உதறல் மிச்சம் இருக்கிறது. 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய அதே வழித்தடத்தில், தாளம் நின்றுபோனதைப் பார்வையுள்ள நாமெல்லாம் கவனியாதிருக்க, பார்வையற்ற பிள்ளை கவனித்திருக்கிறான். படத்தில் வரும் ரயிலுக்கு எந்த ஓசையை வைத்தாலும் கண் அதை நம்பிவிடும். படமில்லாத ஆட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. அங்கே ஓசைதான் வண்டி.

ஆகவே நிலையத்தின் எதிரிலுள்ள பொது வழியோரம் நான்கு நாள் விடியற்காலையில் உட்கார்ந்தோம். இந்த இடத்தில் புதிதாகக் கற்க வருவோர்க்கு இரண்டொன்று சொல்லிவைக்கலாம். கருவி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. கைப்பேசியே தொடக்கத்திற்குப் போதும். ஆனால் ஒலிவாங்கியைப் பொருளுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். தூரத்தைப் பாதியாக்கினால் வேண்டிய ஒலி ஆறு டெசிபல் உயரும். வேண்டாத சுற்றுச் சத்தம் அப்படியே நிற்கும். காற்று நேரே மோதினால் பதிவு முழுதும் 'புர்ர்' என்று பாழாகும். கம்பளித் துணியோ நுரைப்பஞ்சோ போர்த்த வேண்டும். வினாடிக்கு 48,000 முறை அளந்து பதியும் முறையில் வைத்துக்கொள்வது நலம். இடத்தைக் குறிக்கும் ஒலிகளை ஒற்றைத் தடத்தில் பதிவதே போதுமானது. இடமா வலமா என்பதை விளையாட்டு இயந்திரமே பிரித்துக்கொடுக்கும். ஒவ்வோர் இடத்திலும் எதுவும் நடவாத வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிந்துகொள்ள வேண்டும். இது வீண்வேலை என்று தோன்றும். இல்லை. நிலையத்து அமைதி வேறு, புளியமரத்தடி அமைதி வேறு, நம் வீட்டுத் தாழ்வாரத்து அமைதி வேறு. வெட்டி ஒட்டிய ஒலிகளுக்கு நடுவே அந்த அமைதியைப் பரப்பாவிட்டால், கேட்பவனுக்குத் தரை நழுவினாற்போல் இருக்கும். வெட்டவும் ஒட்டவும் 'அடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளே நமக்கு இன்றுவரை போதுகிறது.

மழையைப் பிடித்த கதையும் சுவையானது. வெட்டவெளியில் பிடித்த மழை, கேட்டால் வடை பொரிவது போல் இருந்தது. தங்கை சமையலறையிலிருந்து "அடுப்பில் எதை வைத்தீர்கள்?" என்று ஓடி வந்தாள். மழைக்கென்று தனி ஓசை கிடையாது. விழுகிற இடத்தின் ஓசைதான் அதற்கு. வாழையிலைமேல் ஒருவகை, தகரக் கூரைமேல் ஒருவகை, விரித்த குடையின்மேல் மற்றொரு வகை. குடையின் அடியில் கருவியைப் பிடித்துப் பதிந்ததும், "இப்ப நான் குடைக்குள்ள இருக்கேன்" என்று பையன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

காலடியோசையில் நம் பொறுமை சோதிக்கப்பட்டது. ஒரே காலடியை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தால் மனிதன் நடப்பதாகத் தோன்றாது. தையல் இயந்திரம் ஓடுவதாகத் தோன்றும். ஒவ்வொரு தரைக்கும் ஏழெட்டுக் காலடிகளைப் பதிந்து, இயந்திரம் அவற்றை முறைமாற்றி எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். சுருதியையும் ஒவ்வொரு முறையும் இம்மியளவு ஏற்றி இறக்க வேண்டும். நிலையத்துச் சிமெண்டுத் தரை, அதை அடுத்த சரளைக்கல், தார்ச்சாலை, தெருப் புழுதி, வீட்டு வாசற்படி என ஐந்து தரைகள். அவனுடைய செருப்பையே கையில் மாட்டிக்கொண்டு ஒரு தட்டில் கொட்டிய சரளையில் 'நடந்தோம்'. பக்கத்து வீட்டார் நம்மைப் பற்றி என்ன நினைத்தார்களோ!

சுற்றுப்புற ஒலியைத் தொடர்ந்து ஓடவிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு நிமிடப் பதிவின் முடிவைத் தொடக்கத்தோடு இணைத்து வட்டமாக ஓட விடுவார்கள். இணைப்பு தெரியாமல் இருந்தால் போதும் என்று எண்ணியிருந்தோம். "அந்தக் காக்கா ஒரே மாதிரி, ஒரே இடத்துல கத்துது மாமு, அது நிஜக் காக்கா இல்ல" என்று தீர்ப்பு வந்தது. தனித்து அடையாளம் தெரியும் குரல்களை வட்டத்திலிருந்து நீக்கி, அவை அவ்வப்போது நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் வரும்படி தனியே வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழகியவர்கள் அறிந்த விதி. நமக்கு அதை அறிவித்தது ஒரு காக்கை.

திசை பற்றிய சங்கதி இன்னும் ஆழமானது. வலப்புறத்து ஓசை வலச்செவியை முந்தியும் இடச்செவியைப் பிந்தியும் அடைகிறது. அந்த இடைவெளி மிகுந்தால் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு கூறுகூட இராது. அதைக்கொண்டு மூளை திசை சொல்கிறது. ஆனால் நேர் முன்னாலிருந்து வருவதும் நேர் பின்னாலிருந்து வருவதும் இரு செவிகளையும் ஒரே கணத்தில் அடைகின்றன. வாழ்க்கையில் இந்தச் சந்தேகம் வந்தால் தலையைச் சற்றே திருப்பித் தெளிந்துகொள்கிறோம். காதில் கருவி மாட்டியவன் தலையைத் திருப்பினால் உலகமும் கூடவே திரும்பிவிடுகிறது! தங்கை மகள் பின்புறத்து ஒலிகளின் கூர்மையை மழுக்கி, துணிக்கு அப்பாலிருந்து வருவதுபோல் ஆக்கினாள். ஒரே பொத்தானை அழுத்தினால் ஆட்டக்காரன் நின்ற இடத்திலேயே இடமும் வலமும் திரும்பிக் கேட்கவும் வழி செய்தாள். இந்த ஏற்பாட்டிற்கு மட்டும் இரண்டு மாதம் பிடித்தது.

இப்படியொரு விளையாட்டு உலகத்திற்குப் புதியதன்று. ஜப்பானில் கென்ஜி ஏனோ என்பவர், பார்வையற்றோர் சிலரும் தம் விளையாட்டுகளை விரும்பி ஆடுகிறார்கள் என்று அறிந்து, 1997-இல் படமே இல்லாமல் ஒலியால் மட்டும் ஆகிய ஒரு விளையாட்டை வெளியிட்டார். பெருஞ்செலவில் ஆக்கிய 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பகுதியை 2020-இல் வெளியிட்டவர்கள், பார்வையற்றவரும் தொடக்கமுதல் முடிவுவரை ஆடத்தக்க ஒலிக்குறிப்புகளை அதில் அமைத்திருந்தார்கள். தமிழர் வாழ்வும் விளையாட்டாகியிருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள 'விசை' என்னும் சிறு நிறுவனம் 2023-இல் 'வெண்பா' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயொருத்தி இட்டிலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே அதில் ஆட்டம். தாளிப்பின் சடசடப்பைக் கேட்டதும் நம் தங்கை, "கடுகு நன்றாய் வெடித்துவிட்டது" என்றாள். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. கடுகு வெடிக்கும் ஓசை கடல் கடந்து பரிசு பெறுமானால் திருவாலங்காட்டுச் சரளைக்கல்லுக்கும் ஒரு மதிப்பு இராதா என்று நமக்கு ஊக்கம் பிறந்தது.

பாதை ஒருவாறு அமைந்தது. இனி, வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை ஆட்டக்காரனுக்கு எதைக்கொண்டு உணர்த்துவது? பையன் சட்டென்று சொன்னான்: "பாங்கு வைங்க மாமு. பாங்கு வர்ற பக்கம்தானே நம்ம வீடு?" காற்று வாகாக இருக்கும் நாளில் அவனுக்குத் திசை காட்டுவது பக்கத்து ஊர்ப் பள்ளியின் பாங்கொலிதான். அவன் கேட்டதில் பிழையில்லை. ஆயினும் நமக்கு மனம் துணியவில்லை. பாங்கு என்பது பதில் சொல்ல வேண்டிய அழைப்பு. அதைத் துண்டாக்கி வட்டத்தில் ஓடவிடுவதும், ஆடுபவன் தவறான பொத்தானை அழுத்தியதும் நடுவில் அறுத்து 'தோற்றாய்' என்று மணியடிப்பதும் நமக்கு முறையாகப் படவில்லை. தங்கை மகள் எதிர்வாதம் செய்தாள். அவன் கேட்டு வளர்ந்த ஒலியை அவனிடமிருந்து மறைப்பது மட்டும் முறையா என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. வேறு குடும்பத்தார் வேறுவிதமாக முடிவு செய்யக்கூடும். நம் வீட்டில் நம் தாயாரின் வெற்றிலை உரல் இந்த வழக்கைத் தீர்த்துவைத்தது.

எண்பத்தாறு வயது அவருக்கு. பல் போனபின் வெற்றிலையையும் பாக்கையும் சிறு இரும்புரலில் இட்டு இடித்துத்தான் வாயில் போட்டுக்கொள்வார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து அவர் இடிக்கும் 'டிங்-டிங்' தெருமுனை வரை கேட்கும். பேரன் வரும் நாளில் எந்நேரமானாலும் இடிப்பார். கருவியை அருகில் கொண்டுபோய் வைத்தபோது, "எதுக்குடா இதைப் போய்ப் பிடிக்கிறே? பாட்டா இது?" என்று கேட்டுவிட்டு, விருந்தாளிக்கு முன் செய்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து இடிக்கலானார். பதிவைத் திரும்பப் போட்டபோதுதான், அறுபது ஆண்டு கேட்ட அந்த ஓசையின் கட்டமைப்பு நமக்கு விளங்கிற்று. தொடக்கத்தில் இரும்பில் இரும்பு பட்டு மணிபோல் ஒலிக்கிறது. பாக்கு உடைய உடைய ஓசை கரகரக்கிறது. வெற்றிலை மசிந்து கூழானதும் மழுங்கி 'தொப்-தொப்' என்று அடங்குகிறது. பையனுக்கு இது புதிதாகத் தெரிய வேண்டிய செய்தியே அன்று. "தொப்-தொப்னு ஆச்சுன்னா நன்னி வாயில போட்டுடுவாங்க; அதுக்குள்ள போனா எனக்குக் கொஞ்சம் பாக்கு கிடைக்கும்" என்றான்.

அதுவே ஆட்டத்தின் விதியாயிற்று. ரயிலை விட்டு இறங்கியதும் தொலைவில் மணிபோல் உரல் கேட்கத் தொடங்கும். அந்தத் திசையில் நடக்க வேண்டும். ஓசை முற்றிலும் மழுங்குவதற்குள் வாசற்படி ஏறினால் நன்னியின் குரல், "வாடா ராஜா" என்று வரவேற்கும். பிந்தினால் ஆட்டம் தோற்பதில்லை, "நாளைக்குச் சீக்கிரம் வா" என்பார், அவ்வளவுதான். கடிகாரமும் திசைகாட்டியும் வீடும் ஒரே ஓசைக்குள் அடங்கிவிட்டன. அந்த இரு வாக்கியங்களைத் தாயார் பதினேழு முறை சொன்னார். பதினேழு முறையும் உண்மையாகவே யாரையோ வரவேற்பதுபோல் சொன்னார்.

சென்ற விடுமுறையில் பையன் அதைச் சலிக்காமல் ஆடினான். அவன் அன்னையும் ஒருநாள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடினாள். தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் வெகுநேரம் நின்றாள். லாரி போனது, ஆட்டோ போனது, பேருந்து போனது. அவள் கடந்து, உரலோசையைப் பிடித்து, வீடு வந்து சேர்ந்தாள். கட்டை அவிழ்த்துவிட்டு, "பேட்டரி ஸ்கூட்டர் வந்தால் இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை அவளுக்கு முன்னமே உலகம் கேட்டிருக்கிறது. மின்சாரக் கார்கள் ஓசையின்றி ஊர்வது பார்வையற்றோர்க்கு ஆபத்து என்று அவர்களுடைய சங்கங்கள் பல நாடுகளில் முறையிட்டன. 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய மின்சாரக் கார்கள் அனைத்தும் மெதுவாகச் செல்லும்போது செயற்கையாக ஓர் ஓசை எழுப்பியாக வேண்டும் என்பது சட்டம். விளையாட்டுக்கு ஒலி செய்கிறவர்களின் கலை அங்கே வீதிக்கே வந்துவிட்டது. நம் தெருவில் போகும் பேட்டரி ஸ்கூட்டர்கள் அப்படி எதையும் ஒலிப்பதில்லை. ஆட்டத்தில் அதற்கொரு 'உய்ங்' ஓசையை நாமே கற்பித்து வைத்துவிடலாம். வைத்தால் கேட்க நன்றாயிருக்கும். தெருவில் அது கேட்காது.

எனவே இரண்டு வாரமாக நாம் தார்ச்சாலையின் ஓரத்தில் மறுபடி உட்கார்ந்திருக்கிறோம். பையன் பக்கத்தில் இருக்கிறான். இருபதடி தொலைவில் வரும்போது டயர் மணலை நசுக்கும் மெல்லிய சரசரப்பு ஒன்று உண்டு என்கிறான் அவன். நமக்கு இன்னும் பிடிபடவில்லை, கருவியில் விழுந்திருக்கிறது. அதைப் பெரிதாக்காமல் உள்ளது உள்ளபடியே வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. அவன் அன்னை இரண்டு நாளாக வாசலில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, அந்தச் சரசரப்பைக் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள்.